மீன் இருந்த தண்ணீர்

வைஷாலிக்குக் கல்யாணம் கூடிவந்ததும் கேளம்பாக்கத்து ஃப்ளாட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மூன்று வருஷமாக அவளும் ஜெனிஃபரும் சேர்ந்து குடியிருந்த இடம் அது. ஒரே ஆபீஸ், ஒரே ஷிஃப்ட். ஒருத்தி குளித்துவிட்டு வருவதற்குள் இன்னொருத்தி இரண்டு பேருக்கும் தோசை வார்த்து வைத்திருப்பாள். ஜெனிஃபர் வாரக் கடைசியில் ஊரப்பாக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அவள் அம்மா காசியம்மாள் ஒரு டப்பா நிறையக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்புவாள். வைஷாலி அதற்காகச் சோற்றை வடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். டப்பாவை விரலால் வழித்து நக்கிவிட்டு, "உங்கம்மாவ எனக்குத் தத்துக் குடுத்துடுடி" என்பாள்.

சாமான்களைப் பங்கு பிரித்து முடித்தபோது மிச்சம் நின்றது மீன் ஒன்றுதான். ஃபைட்டர் மீன். நீல உடம்பு, கல்யாணப் பெண்ணின் புடவைக் கொசுவம் மாதிரி விரியும் சிவப்பு வால். கண்ணாடிப் பெட்டிக்குள் அது தனி ஆளாகத்தான் இருக்கும். துணைக்கு இன்னொன்றை விட்டால் அடித்தே கொன்றுவிடும். யார் பக்கத்தில் வந்தாலும் செவுளை உப்பிக்கொண்டு முறைக்கும். அவர்கள் டீமின் மேனேஜரும் அப்படித்தான் என்பதால் வைஷாலி அதற்கு மேனேஜர் என்றே பெயர் வைத்திருந்தாள். வாங்கியது அவள். பாதி நாள் தீனி போட்டதும் தண்ணீர் மாற்றியதும் ஜெனிஃபர்.

"எங்கூர்ல கல்யாண வூடு எப்பிடியிருக்கும்னு தெரியுமில்ல, ஒரே பொடுசுங்க. எவனாச்சும் கைய வுட்டே கொன்னுடுவான்" என்றாள் வைஷாலி. அவளுக்குத் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல்லு நிலம், கிணறு, ரைஸ் மில் என்று வசதியான குடும்பம். "நீ வெச்சிக்கோ. நான் தனிக்குடித்தனம் போனதும் வந்து எடுத்துக்கறேன்."

"கல்யாணத்துக்கு வரும்போதே எடுத்தாந்துடட்டுமா?"

வைஷாலி துப்பட்டாவை மடித்துக்கொண்டே, "கல்யாணம் ரொம்பச் சின்னதா பண்றாங்கடி. சொந்தக்காரங்க மட்டும்தான். ஆபீஸ்ல ஒருத்தரையும் கூப்புடல" என்றாள்.

ஜெனிஃபர் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

மீனைத் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு, காலிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டலூர் பஸ்ஸில் ஏறினாள். பின்சக்கரத்துக்கு மேல்தான் சீட் கிடைத்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் மடியிலிருந்த கவருக்குள் தண்ணீர் எகிறி விழுந்தது. தலைக்கு மேலே ஸ்பீக்கர் அலறியது. வண்டலூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நசுங்கி ஊரப்பாக்கம் வந்து சேர்ந்ததும், குழாயைத் திறந்து பெட்டியை நிரப்பி மீனை அதில் கொட்டினாள். டிவிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கேயே வைத்துவிட்டாள். அவள் அப்பா ஏசுபாதம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். காது மந்தம். டிவியைத் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி வைத்துத்தான் பார்ப்பார்.

மறுநாள் காலையில் காசியம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னாடி இது, இப்டி வெளுத்துப்போயி கீது? நேத்து நீலமா இருந்துச்சே?"

ஜெனிஃபர் குனிந்து பார்த்தாள். மீனின் நிறமே போயிருந்தது. சாம்பல் பூசின உடம்பில் நீளவாக்கில் கோடு கோடாக ஓடியது. விரிந்து கிடக்கும் வால் மழையில் நனைந்த குடையைப் போலச் சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் மூலையில் தலையைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தது. தீனியைப் போட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சமையல்கட்டில் மிக்ஸி ஓடியது. மீன் துள்ளியெழுந்து மூடியில் முட்டிக்கொண்டு மறுபடியும் கீழே போய் ஒடுங்கியது.

"பயந்துபோயி கீதும்மா."

"மீனுக்கு இன்னாடி பயம்?"

வைஷாலிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கல்யாண வேலையாக இருப்பாள் என்று விட்டுவிட்டு, கூடுவாஞ்சேரியில் வளர்ப்பு மீன் விற்கிற கடையில் விசாரித்தாள். போனில் தேடித் தேடிப் படித்தாள். படிக்கப் படிக்கத் தன் தப்பெல்லாம் தெரிந்தது. பஸ்ஸில் குலுங்கினது போதாதென்று, பழகின தண்ணீரை ஒரேயடியாக மாற்றி, போர்வெல் தண்ணீரில் திடுதிப்பென்று கொட்டி, அதன் காதருகே டிவியையும் வைத்திருக்கிறாள். யாராயிருந்தாலும் ஒடுங்கித்தான் போவார்கள்.

பெட்டியை உள்ளறை அலமாரிக்கு மாற்றினாள். மூன்று பக்கமும் செய்தித்தாளை ஒட்டி மறைத்தாள். விளக்குப் போடவில்லை. குடத்தில் தண்ணீர் பிடித்து நாள் முழுக்க அப்படியே ஆறவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்தால் குடத்திலிருந்து ஒரு டம்ளர் என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். சர்ச் வளாகத்து வாதாங்கொட்டை மரத்தடியில் காய்ந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக் கழுவிப் போட்டாள். தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தது. அந்தக் கஷாயம் மீனின் பயத்தை ஆற்றும், கிழிந்த வாலையும் வளர்க்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒளிந்துகொள்ள ஒரு சின்ன மண்சட்டியை உடைத்துக் கவிழ்த்து வைத்தாள். அதற்கு மேல் கையை உள்ளே விடவில்லை. அந்த மாதம் வீட்டிலிருந்தே பார்த்த ஆபீஸ் வேலை முடிந்ததும் பெட்டிக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். தன்னால் ஆபத்தில்லை என்று அது தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வீடும் மெல்ல அதற்கேற்றபடி மாறியது. காசியம்மாள் மிக்ஸியைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "ஜெனி நைனா, டிவிய கொறைங்க. அது தூங்கிகினு கீது" என்று புருஷனை அதட்டினாள். பஞ்சாயத்து ஆள் வீடு வீடாகக் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், கொல்லையில் ஒரு உடைந்த வாளியில் தண்ணீரைத் தேக்கி மகளுக்குத் தெரியாமல் புழு வளர்த்தாள். "கடைத் தீனி வாணாம்னா, உசுரோட நெளியறதக் குடுத்துப் பாரேன்" என்று ஒருநாள் கரண்டியில் அள்ளிக்கொண்டு வந்தாள். புழு மேலே நெளிந்தது. சட்டிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. பின்பு ஒரே பாய்ச்சல். தாயும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வைஷாலிக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தாள். வைஷாலியின் ஸ்டேட்டஸில் கல்யாணப் படங்கள் வந்திருந்தன. பெரிய மண்டபம். வாசலில் வாழைமரம், சீரியல் செட், பேண்டு. மேடையில் மாப்பிள்ளை ஹரிஹரனும் வைஷாலியும் நிற்க, இரண்டு பக்கமும் அவர்களுடைய டீம் மொத்தமும் நின்றது. திவ்யா இருந்தாள். நிஜ மேனேஜர் பட்டு வேட்டியில் இருந்தார். போன மாதம் சேர்ந்த பையன்கூட மொய்க்கவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திவ்யாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். "நீ ஏன் வரல? வேளாங்கண்ணிக்குப் போயிருக்கன்னு வைஷாலி சொன்னா" என்றாள் திவ்யா.

போனை வைத்த பிறகு ஜெனிஃபருக்கு ஒரு பழைய மத்தியானம் ஞாபகம் வந்தது. வைஷாலியின் அம்மா சுஜாதா ஒருமுறை ஃப்ளாட்டுக்கு வந்திருந்தாள். பிரியமாகத்தான் பேசினாள். ஊரப்பாக்கத்தில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, தாத்தா காலத்தில் என்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தாத்தாவும் பாட்டியும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நடப் போனவர்கள் என்று ஜெனிஃபர் வெகுளியாகச் சொன்னாள். அதற்குப் பிறகு சுஜாதா அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பையிலிருந்த பாட்டிலையே எடுத்தெடுத்துக் குடித்தாள். அன்றைக்கு அது ஜெனிஃபரின் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை.

ஆனாலும் அவள் சண்டை போடவில்லை. அம்மாதான் அப்படி, அவள் என்ன செய்வாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மீன் தேறத் தேற அவளுடைய கோபமும் கொஞ்சம் அடங்கியது. கோடுகள் மறைந்தன. நீலம் முதலில் தலையில் வந்து, பிறகு உடம்பெங்கும் இறங்கியது. ஒருநாள் காலையில் பார்த்தால் வாதாம் இலைக்கு அடியில் சோப்பு நுரை மாதிரி குட்டிக் குட்டிக் குமிழிகளை ஒட்டிக் கூடு கட்டியிருந்தது. இந்த இடம் தன்னுடையது என்று துணிச்சல் வந்த மீன்தான் நுரைக்கூடு கட்டுமாம். அதை வீடியோ எடுத்து வைஷாலிக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "ஐயோ என் தங்கம்! கூடுவாஞ்சேரில வூடு பாத்துட்டோம். ஞாயித்துக்கிழமை வந்து தூக்கிக்கறேன். லொக்கேஷன் போடு."

லொக்கேஷன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாகக் காசியம்மாள் வஞ்சிரம் வறுத்தாள். கல்யாணமாகி முதல் தடவை வருகிற பெண் என்று வெற்றிலை பாக்கும் ஒரு ஜாக்கெட் துணியும் தட்டில் எடுத்து வைத்தாள். கார் தெருவுக்குள் வரவில்லை. மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. வைஷாலி மட்டும் நடந்து வந்தாள். புதுத் தாலி, புதுச் சேலை. வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா. உக்காரு."

"இல்ல ஆண்ட்டி, அம்மாவும் அவரும் வண்டில வெயிட் பண்றாங்க."

"ஒரு வாய் டீ குடி."

"இப்பதான் குடிச்சிட்டு வந்தேன் ஆண்ட்டி."

"வஞ்சிரம் வறுத்து வெச்சி கீறேன். ஒரு துண்டாச்சும்…"

"இன்னிக்கு விரதம் ஆண்ட்டி."

காசியம்மாள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. தட்டையும் எடுத்துக்கொண்டு வரவில்லை. ஜெனிஃபர் மீன் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். தண்ணீர் அலம்பாமல், குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் நடந்தாள். வழியெல்லாம் வைஷாலியிடம் சொல்லிக்கொண்டே போனாள்: முதல் வாரம் வெளிச்சம் வேண்டாம், சத்தம் வேண்டாம், தண்ணீரை ஒரேயடியாக மாற்றிவிடாதே. வைஷாலி "சரிடி, சரிடி" என்றாள்.

ஹரிஹரன் ஸ்டியரிங்கில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. சுஜாதா பெட்டியைப் பார்த்தாள்.

"அந்தத் தண்ணிய அப்டியே கீழ ஊத்திடு வைஷாலி. கேன்ல நம்ம வூட்டுத் தண்ணி எடுத்தாந்து கீறேன் பாரு, அத ஊத்திக்கோ."

"அழுக்கு இல்லம்மா, அது வாதாம் எலைச் சாயம்" என்றாள் ஜெனிஃபர். "மொத்தத்தையும் மாத்துனா மீன் தாங்காது. இப்பதான் தேறிச்சி."

"அதெல்லாம் தாங்கும். நாங்க பூசை பண்ற வூடும்மா. எங்கருந்தோ வர்ற தண்ணிய அப்டியே உள்ள எடுத்துகினு போவ முடியுமா?"

சுஜாதா கோபமாகச் சொல்லவில்லை. காய்கறிக்காரனிடம் கழுவித்தான் போடுவேன் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஜெனிஃபர் வைஷாலியைப் பார்த்தாள். விளையாட்டுக்காவது "சும்மா இரும்மா" என்று ஒரு வார்த்தை அவள் சொல்வாள் என்று காத்திருந்தாள்.

"சொன்னா கேக்க மாட்டாங்கடி. ப்ளீஸ்" என்று முணுமுணுத்தபடி வைஷாலி பெட்டியை வாங்கிச் சாய்த்தாள்.

பழுப்புத் தண்ணீர் ரோட்டில் ஓடியது. இலையும் நுரைக்கூடும் சட்டித்துண்டும் அதோடு போயின. அடியில் ஒரு கையளவு தண்ணீரில் மீன் பக்கவாட்டில் கிடந்து அடித்துக்கொண்டது. ஜெனிஃபர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் உடம்பில் கோடுகள் எழுந்தன. வைஷாலி கேனின் மூடியைத் திருகினாள்.

ஜெனிஃபர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏய், என்னடி பண்ற?"

"மீன் இங்கயே இருக்கட்டும்."

"அது என் மீனுடி."

"தெரியும்."

"வுடு வைஷாலி" என்றாள் காருக்குள்ளிருந்து சுஜாதா. "மீனுக்கா பஞ்சம்? போற வழியில வேற வாங்கிக்கலாம்."

ஜெனிஃபர் வீட்டுக்கு ஓடினாள். குடத்தில் ஆறவைத்த தண்ணீர் இருந்தது. அதை டம்ளர் டம்ளராக மெல்ல ஊற்றினாள். காசியம்மாள் ஒரு புது இலையைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினாள். பிறகு, "டீ வாணாம்னப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றாள்.

"தெரிஞ்சும் ஏம்மா வஞ்சிரத்த எடுத்துகினு கெஞ்சின?"

"வேற இன்னா பண்றது? எங்கையால துன்ன பொண்ணு."

வறுத்த மீனை அன்றைக்கு யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஆபீஸ் கேண்டீனில் டீம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ஜெனிஃபர் டப்பாவைத் திறந்ததும் திவ்யா ஆரம்பித்தாள். "ஏய் ஜெனி, வைஷாலியோட மீன ஆட்டையப் போட்டுட்டியாமே! நடுரோட்டுல புடுங்கிகினு ஓடுனியாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். வைஷாலியும் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தாள். "விடுங்கப்பா, பாவம். அவளுக்கு அது மேல உசுரு. நானே வெச்சிக்கோன்னு வுட்டுட்டேன்."

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று ஜெனிஃபருக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு என்ன என்று கேட்பார்கள். அப்புறம் தன் தெரு, தன் தாத்தா என்று எல்லாவற்றையும் இந்தச் சோற்று மேஜையில் பரப்ப வேண்டும். கேட்டுவிட்டுச் சிலர் ஐயோ என்பார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் அவளுடைய டப்பாவைப் பார்ப்பார்கள். அந்தச் சிலர் யார் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை.

அவளும் சிரித்தாள். சுஜாதா சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் வெகுநாள் அவளை அறுத்தது.

மீன் பிழைத்துக்கொண்டது. இந்தத் தடவை அதிக நாள் பிடித்தது. கொசுப்புழுவைக் காட்டினாலும் புதிதாக உடைத்து வைத்த சட்டியை விட்டு வெளியே வராமல் வெகுநேரம் யோசித்தது. நிறம் முழுசாகத் திரும்புவதற்குள் ஜெனிஃபர் ஆபீஸில் வைஷாலி இல்லாத ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். என்ன காரணம் என்று மேனேஜர் கேட்டார். ஊரப்பாக்கத்திலிருந்து வந்து போவது தூரமாக இருக்கிறது என்றாள்.