தெரிந்து செய்த பிழை

என் வாப்பாவைக் கொன்ற மனிதர் ஹஜ்ஜுக்குப் போகுமுன் எங்கள் வீட்டுக்கு மாப்புக் கேட்க வரப்போகிறார் என்ற நல்ல செய்தியைக் கலகெதர பள்ளிவாசல் தலைவர் பாயிஸ் ஹாஜியார்தான் கொண்டுவந்தார். கையில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பும் இருந்தது. இப்படிப்பட்ட செய்தியை வெறுங்கையோடு கொண்டுவரக் கூடாது என்கிற அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்.

கொன்றவரின் பெயர் பாரூக். எங்கள் ஊரில் பிறந்து பேர் எடுத்தவர்கள் குறைவு. அதனால் கிடைத்த ஒருவரை விட்டுவிட ஊருக்கு மனம் வரவில்லை. 1961இல் கண்டிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிற வழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பொலிஸ் ஜீப்பிலிருந்து பாய்ந்து, கைவிலங்கோடு மகாவலியில் குதித்துத் தப்பிய வீரர் அவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கதையில் ஒரு கையில்தான் விலங்கு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இரண்டு கையிலும் வந்துவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆனபோது ஆற்றில் வெள்ளம் வேறு, பின்னால் துப்பாக்கிச் சூடு வேறு. இன்னும் பத்து வருடம் போனால் முதலையும் வந்திருக்கும்.

வீரர் என்றால் காரணம் வேண்டாமா? சும்மா ஒரு ஆளைக் குத்தினார் என்றால் தேத்தண்ணிக் கடையில் எடுபடாது. அதனால் ஊர் ஒரு காரணத்தையும் செய்து கொடுத்தது. ஏழைகளின் கூப்பன் அரிசியைப் பதுக்கிய கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜரைப் பாரூக் தட்டிக் கேட்டாராம். அந்தப் பதுக்கல்காரர்தான் என் வாப்பா. பதுக்கிய அரிசியை எந்த அறையில் வைத்தார் என்று தெரியவில்லை. அவரை அடக்கி நாற்பது நாள் முடிந்ததும் உம்மா இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கினார். அதில்தான் நான் வளர்ந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். கூப்பன் அரிசி கொடுக்கிற நாளில் கியூவைத் தாண்டி முன்னால் வந்த பாரூக்கை, பின்னால் போய் நில் என்றார் வாப்பா. கியூவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று பொழுதுபட வாப்பா வீட்டுக்கு வந்தபோது, எங்கள் வேலிப் படலையடியில் வைத்து பாரூக் கத்தியால் குத்தினார். கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற உம்மா அதைப் பார்த்தார்.

பிடிபட்டுத் தப்பிய பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் பாரூக்கைக் காணவில்லை. கற்பிட்டியில் வேறொரு பெயரில் கருவாட்டு வியாபாரம் செய்து, இரண்டு வீடு கட்டி, பேரப்பிள்ளைகளும் எடுத்துவிட்டார் என்பது அவர் திரும்பி வந்தபிறகுதான் தெரிந்தது. ஊர் அவரைப் புது மாப்பிள்ளை போல வரவேற்றது. இளந்தாரிகள் வந்து, விலங்கு போட்ட கை இதுதானா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் பொலிஸுக்குப் போனேன். அங்கே இருந்த சார்ஜன் இராமையா பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். எங்கள் ஊர் வீரக்கதை அவர் காதில் விழுந்ததில்லை. கொலைக் கேஸுக்கு எத்தனை வருடமானாலும் காலம் தாண்டாது, ஆனால் பழைய பைல் ஒன்றும் மிச்சமில்லை, சாட்சி வேண்டும் என்றார். மற்ற சாட்சிகள் எல்லோரும் மௌத்தாகிவிட்டார்கள், உம்மா ஒருவர்தான் மிச்சம் என்றேன். “அம்மா வந்து சொல்லட்டும், இன்னைக்கே புடிச்சிட்டு வந்துடுறோம்” என்றார்.

உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் மாப்புக் கேட்டு வரட்டும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஹாஜியாரின் திட்டம் எனக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பொறுத்துவிட்டேன் என்று சொன்ன பெண் எந்த முகத்தோடு பொலிஸுக்குப் போவாள்? அவருக்கு நியாயங்களும் நிறைய இருந்தன. கிழ மனிதர், சீனி வருத்தம், பிரஷர். நாற்பது வருடம் ஊரைவிட்டு இருந்ததே பெரிய தண்டனை. இரண்டு வீட்டையும் எட்டுப் பேரப்பிள்ளைகளையும் அந்தத் தண்டனையில் சேர்ப்பதா என்று நான் கேட்டேன். ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் பாரூக் கட்டிக் கொடுக்கப்போகிற தண்ணீர்த் தாங்கியைப் பற்றிப் பேசினார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பொறுத்துவிட்டோம், எங்களுக்கும் துஆ செய்யுங்கள் என்போம். என்ன பிழை என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்கத் தொடங்கினால் கலகெதரயிலிருந்து ஒருத்தரும் மக்காவுக்குப் போய்ச் சேரமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். முன்னால் ஹாஜியார், நடுவில் பாரூக், சுற்றிலும் ஏழெட்டுப் பெரியவர்கள். இந்த வீட்டில் பாலத்துக் கதையை எடுக்க வேண்டாம் என்று ஹாஜியார் படலையடியில் வைத்தே எல்லோருக்கும் சொல்லிக் கூட்டிவந்தார். எந்தப் படலையடியில் வைத்துச் சொல்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

பாரூக் நான் நினைத்ததுபோல் இல்லை. வெள்ளைத் தாடி, மெலிந்த கழுத்து. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வெறுப்பதற்கு வசதியான ஓர் ஆளாகவாவது வந்திருக்கலாம். உம்மா அறைவாசலில் கதிரையைப் போட்டு, தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாரூக் தரையைப் பார்த்தபடி, பாடமாக்கிய பிள்ளைபோல் சொன்னார்.

“தங்கச்சி, நான் ஹஜ்ஜுக்குப் போறேன். தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச பிழையைப் பொறுத்துக்கோங்க.”

எல்லோரும் உம்மாவைப் பார்த்தார்கள். ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் சொல்லத் தயாராக வாயைப் பாதி திறந்திருந்தார்.

“தெரியாம செஞ்சதை எல்லாம் பொறுத்துட்டேன்” என்றார் உம்மா. “தெரிஞ்சு செஞ்சதை மட்டும் சொல்லுங்க.”

இப்படிக் கேட்கிற வழக்கம் இல்லையே என்று ஹாஜியார் குறுக்கே வந்தார். எதைப் பொறுக்கிறேன் என்று தெரியாமல் எப்படிப் பொறுப்பது என்று உம்மா அமைதியாகக் கேட்டார். பாரூக் அல்லாஹ்வுக்குப் பயந்தாரோ, உம்மாவுக்குப் பயந்தாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னார்.

“கியூவில பின்னால போய் நிக்கச் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்காகத்தான் குத்தினேன்.”

“அவங்க அரிசி பதுக்கினாங்களா?” என்றார் உம்மா.

“இல்ல தங்கச்சி. அவரு நல்ல மனுசன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒரு சொல்லுக்காகப் பள்ளிக்கூடத்தில் நான் எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருப்பேன். அதை இந்த மனிதர் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாரே என்று ஆத்திரமும் வந்தது.

உண்மை பேசத் தொடங்கிய பாரூக்குக்கு நிறுத்தவும் தெரியவில்லை. பாலத்தில் தான் குதிக்கவே இல்லை என்றார். தேத்தண்ணி குடிக்க ஜீப்பை நிறுத்தினார்களாம். ஒன்றுக்குப் போகவேண்டும் என்று கடைக்குப் பின்னால் போனவர் அப்படியே நடந்து போய்விட்டாராம். ஒரு நல்ல மனிதரைக் காரணமில்லாமல் கொன்றேன் என்று சொன்னபோது அசையாமல் இருந்த பெரியவர்களின் முகம், இதைக் கேட்டதும் விழுந்துவிட்டது. பாலத்திலிருந்து பாய்ந்ததைத் தன் வாப்பா கண்ணால் கண்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒருவர், பாரூக்குக்கு வருத்தம் கூடிவிட்டது, ஞாபகம் பிசகுகிறது என்றார்.

உம்மா அதை எல்லாம் காதில் வாங்கவில்லை. “என்ட பங்கை நான் பொறுத்துட்டேன். போய்ட்டு வாங்க” என்றார். ஹாஜியார் கடைசியில் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். எல்லோரும் தேத்தண்ணி குடித்து, அவர்கள் கொண்டுவந்த மஸ்கட்டை அவர்களே தின்றுவிட்டுப் போனார்கள்.

நான் உம்மாவோடு பேசாமல் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வெளியே போகிறபோது போடுகிற கறுப்பு அபாயாவோடு குசினிக்குள் வந்தார்.

“ரபீகா, வா. பொலிஸுக்குப் போவோம்.”

பொறுத்துவிட்டேன் என்றீர்களே என்று கேட்டேன்.

“என்னைக் கைம்பெண்ணாக்கினதைப் பொறுத்தேன். அது என்ட பங்கு. அவங்களைக் குத்தினதைப் பொறுக்க நான் யாரு?”

சார்ஜன் இராமையா ஒளிக்காமல் பேசினார். கிழவரைப் பிடித்தால் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார், பிறகு பிணையில் வருவார், வழக்கு முடியுமுன் மௌத்தானாலும் ஆகலாம் என்றார். பாரூக் சொன்னதைக் கேட்ட பெரியவர்கள் சாட்சிக்கு வருவார்களா என்றும் கேட்டார். வருகிற வழியிலேயே நான் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்திருந்தேன். இருவருக்கும் அன்று மாலை திடீரென்று காது மந்தமாகியிருந்தது. ஊரும் உங்களோடு பகையாகிவிடும், அப்படியும் எழுதவா என்று உம்மாவிடம் கேட்டார் சார்ஜன்.

“எழுதுங்க மகன்” என்றார் உம்மா.

அவர் பேனையை எடுத்தார். “செத்தவரு பேரு என்னாங்கம்மா?”

உம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் காலத்துப் பெண்கள் கட்டிய மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லமாட்டார்கள். என் உம்மாவும் ஆயுளில் ஒருநாளும் சொன்னதில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதுகூட, மாமாதான் வந்து சொன்னார். மற்ற எல்லோரிடமும் பேசும்போது வாப்பா அவருக்கு ‘ரபீகாட வாப்பா’தான். நான் சொல்லப்போனேன். சார்ஜன் கையைக் காட்டி நிறுத்தி, சாட்சிதான் சொல்ல வேண்டும் என்றார்.

உம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நூர்தீன்” என்றார்.

சார்ஜன் எழுதி முடித்து, அடுத்த கேள்விக்குத் தாளைத் திருப்பினார். யாரும் கேட்காமலே, உம்மா இன்னொரு முறையும் சொன்னார்.