எடுக்காத போன்

பஞ்சர்க்காரம்மாவின் சமையலறைச் சுவரில் முதல் டெலிபோன் முளைத்தது, அவள் பெயருக்கு டெலிபோன் கம்பெனியிலிருந்து முதல் பில் வந்த மறுநாள் காலையில். உப்பு ஜாடிக்கு மேலே, கறுப்பாக, ஒயர் எதுவும் இல்லாமல் காளான் மாதிரி நின்றது. அவள் ஜென்மத்தில் போன் வைத்துக்கொண்டவள் இல்லை. "பஞ்சரானவன் போன் போட்டுச் சொல்லிட்டா வருவான்? உருட்டிக்கிட்டுத்தான் வருவான்" என்பது அவள் கட்சி. பில் வர வர டெலிபோன்களும் வந்தன. சமையலறை நிரம்பி, கடையாக இருந்த முன்னறைச் சுவருக்கும் பரவின. அந்த வருஷம் டியூப் விலை ஏறியது, மழை சுமார். கட்டாவிட்டால் கம்ப்ரசரைத் தூக்கிவிடுவோம் என்று நோட்டீசும் வந்தது. கைப்பம்பில் காற்றடித்து அடித்துத் தோள்பட்டை கழன்ற பிறகு வாங்கிய கம்ப்ரசர் அது. அது போனால் கடையும் போச்சு.

கம்பெனி ஆபீசுக்குப் போனாள். "நான் எந்தக் கனெக்‌ஷனும் எடுக்கலய்யா" என்றாள். கவுண்டர்க்காரர் நிமிரவே இல்லை. "உங்க பேர்ல இருக்கே, எடுக்காமலா இருக்கும்?" "எடுக்கலன்னா எடுக்கல!" அவரும் சலித்துப்போய், 'எடுக்கவில்லை என்கிறார்' என்று கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார். வினை அந்த ஒரு சொல்லில்தான் புகுந்தது. கனெக்‌ஷனை எடுக்கவில்லை என்று அவள் சொன்னதை, அடிக்கிற போனை எடுக்கவில்லை என்று கம்பெனி புரிந்துகொண்டது. அன்று சாயங்காலமே சுவரில் இருந்த அத்தனையும் அடிக்கத் தொடங்கின.

கூட இருந்த தங்கை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, "எடுத்துத் தொலைச்சிடேன்க்கா, மண்டை வெடிக்குது" என்று கெஞ்சினாள். "எடுத்தா எடுத்ததாயிடும்டி. எவனோ வாங்கினதுக்கு நான் எதுக்குடி பதில் சொல்லணும்?" என்றாள் அக்கா. அத்தனை கோபத்திலும் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதில் ஒரு தப்பும் வரவில்லை. போன்கள் வருஷக்கணக்கில் அடித்தன. தங்கை அந்தச் சத்தத்திலேயே கல்யாணம் முடித்துப் போனாள். முதலில் சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டார், சத்தம் நின்றால்தான் தூக்கம் வராது என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

கடைசியில் வசூல்காரர் ஒரு வண்டியோடும் இரண்டு சுமைக்காரர்களோடும் வந்து இறங்கினார். பஞ்சர்க்காரம்மா கம்ப்ரசர்மேல் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "தூக்கு. என்னையும் சேர்த்துத் தூக்கு, பார்க்கலாம்." வசூல்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் தலைக்கு மேலே ஒரு போன் அடித்தது. பாவம், மனிதர் வேலை பழகியதே அந்தக் கம்பெனி கவுண்டரில். இரண்டாவது மணிக்குள் எடுக்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கை தானாகப் போய்விட்டது. "வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்றார். வீடு முழுக்கச் சத்தம் அடங்கியது.

"எடுத்தது யாரு?" என்றாள் அவள். சுமைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "சார்தான் எடுத்தாரு" என்றார்கள். டெலிபோன்கள் ஒவ்வொன்றாகச் சுவரை விட்டு இறங்கி, தாய்க்கோழி பின்னால் போகும் குஞ்சுகள் மாதிரி, கம்ப்ரசரைத் தொடாமல் கிளம்பிய வசூல்காரர் பின்னால் போயின. தெருவில் சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்டார்கள்.

சில மாதம் கழித்து, காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரே கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "என் பேர்ல பில் போடுறாங்கம்மா. நீதான் எடுத்தேங்கிறாங்க. பேசாம கட்டிடலாம்னு பார்க்கறேன்." நல்லா வேணும் என்று சொல்லத்தான் அவள் நாக்கு துறுதுறுத்தது. "நீங்களா கேட்டு வாங்கினீங்க?" என்றாள். "இல்லம்மா." "அப்புறம் என்ன? சல்லிக்காசு கட்டாதீங்க."

மறுநாள் கடையை மூடிவிட்டு அவரோடு அவளும் கம்பெனிக்குப் போனாள். டெலிபோன்கள் அடித்துக்கொண்டே பின்னால் வந்தன. கவுண்டர் வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து, அவற்றுக்கும் இடம் விட்டார்கள்.