முருகன் தலைக்கு மேல் ஒரு குளியலறை

“உன் பொண்டாட்டி கால் கழுவுன தண்ணி என் முருகன் தலையில விழுது தம்பி! கொஞ்சமாச்சும் உறைக்குதா உனக்கு?”

“அண்ணி, மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்குது.”

“கேக்கட்டும்லா! அங்கம்மாக்கா, நல்லாக் கேட்டுக்குங்க!”

பக்கத்து வீட்டு அங்கம்மா நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வதக்குகிற சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதென்று அடுப்பைக்கூட அணைத்துவிட்டாள். பாலம் தாண்டினால் சிங்கப்பூர் என்கிற தூரத்திலிருந்த தம்போயின் அந்த வரிசை வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரே ஒரு சுவர்தான். அதிலும் அங்கம்மாவின் காதுக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

“நான் குளிக்காம வேலைக்குப் போகவாக்கா? இல்ல, உங்க முருகனுக்கு ஒரு குடை வாங்கித் தரவா?” என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. அது சாந்தினி, ரூபேந்திரனின் மனைவி. கல்யாணமாகி வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வாய் மட்டும் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது போல.

குடை என்றதும் கீழே நின்று கத்திக்கொண்டிருந்த புஷ்பவள்ளிக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். மூத்தவன் மகேஸ்வரனைக் கட்டிக்கொண்டு வந்தபோது ரூபேந்திரன் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். தாயில்லாப் பிள்ளை. ஊட்டி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, பிறகு சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறவனுக்குச் சோறு கட்டிக்கொடுத்து ஆளாக்கியவள் அவள்தான். இதை அவளே பலமுறை சொல்லித் தெருவே மனப்பாடமாக வைத்திருந்தது. அவன் தன் கண் முன்னால், தன் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். சாந்தினிக்கு வேண்டியது பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தனி வீடு. இந்த இரண்டு ஆசைக்கும் நடுவில்தான் மாடிக் குளியலறை ஒழுகிக்கொண்டிருந்தது.

கக்கூஸும் குளியலும் சேர்ந்த அந்த அறைக்கு நேர் கீழே சாமி மேடை. மேடையை நாலடி தள்ளி வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் வீடு குடிபுகுந்த அன்று ஐயரை வைத்து, கிழக்குப் பார்த்து மாமனார் நிறுத்திய மேடை அது. நிறுத்திய இரண்டாம் மாதமே அவருக்கு மேஸ்திரி உத்தியோகம் கிடைத்ததாம். அதனால் மேடையைத் தொட அந்த வீட்டில் யாருக்கும் துணிவில்லை. மாடியைப் பெயர்ப்பது சுலபமாகப் பட்டது.

“சரி, நானே முடிவு சொல்றேன்,” என்றான் ரூபேந்திரன். “தரையை அடியோட பேத்துட்டுப் புதுசாப் போடுறோம். அதுக்கப்புறம் ஒரு சொட்டு விழுந்தாலும், நானும் சாந்தினியும் பெர்மாஸ் போயிடுறோம். அண்ணி, இதுக்கு மேல என்னால சண்டை கேக்க முடியாது.”

புஷ்பவள்ளி வாயை மூடினாள். அந்தத் தெருவில் அது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நாள்.

வேலைக்கு வந்தவர் ஜெயபாலன். சிங்கப்பூரில் பெரிய பெரிய ஹோட்டலுக்கெல்லாம் தரை போட்டவர் என்று அவரே சொன்னார். வேலையைவிட ஐஸ் போட்ட தேநீரில்தான் அவருக்கு நாட்டம் அதிகம். ஆனாலும் பழைய ஓடுகளைப் பெயர்த்துக் காட்டியபோது எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். அடியிலிருந்த சிமெண்டுப் படுகை தண்ணீரில் நனைத்த ரொட்டி மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

“அலமாக்! இத்தனை வருசமா இது மேலயா நின்னு குளிச்சீங்க?” என்றார்.

“குளிச்சது மட்டுமா,” என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் புஷ்பவள்ளி.

தூசி தாங்காமல் ரூபேந்திரனும் சாந்தினியும் செடெனாக்கிலிருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜெயபாலன் படுகை முழுவதையும் வெட்டி எடுத்து, துவாரத்தை நோக்கிச் சரிவு வைத்துப் புதுச் சிமெண்டு போட்டார். அது காய்ந்தபின் தண்ணீர் இறங்காத சாம்பல் நிறப் பூச்சை இரண்டு முறை பூசினார். அதுவும் காய்ந்ததும், தண்ணீர் போகும் துவாரத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றிய துணியால் அடைத்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் அந்த மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார்.

“அக்கா, இது நாளைக்குக் காலையில நான் வர்ற வரைக்கும் நிக்கணும். கீழ ஒழுகலைன்னா ஓடு ஒட்டலாம். ஒழுகுனா எங்க ஓட்டைன்னு பாத்து மறுபடி பூசணும். யாரும் கை வைக்கக் கூடாது, சரியா?”

“நான் ஏன்லா கை வைக்கப் போறேன்?”

அவள் பொய் சொல்லவில்லை. சொன்னபோது அது உண்மைதான்.

தைப்பூசம் நெருங்கிய நேரம். பால்குடம் எடுப்பதற்காக அவள் விரதத்தில் இருந்தாள். விரதத்தில் அவள் படுத்தும் பாட்டுக்கு மகேஸ்வரன் வாசலிலேயே செருப்பு, பெல்ட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். அன்று மாலை குளித்துவிட்டு விளக்கேற்ற வந்து நின்றாள். கையைக் கூப்பினாள். கண்ணை மூடினாள். கண்ணுக்குள் முருகன் வரவில்லை. மாடியில் கணுக்கால் ஆழத்துக்கு நிற்கும் கக்கூஸ் தண்ணீர்தான் வந்தது. குழாயிலிருந்து பிடித்த நல்ல தண்ணீர்தான், தெரியும். ஆனால் நிற்கிற இடம் அந்த இடமாயிற்றே. அதுவும் நேர் மேலே, வேலுக்கும் மயிலுக்கும் உச்சியில், ஒரு குளம் மாதிரி. அதன் கீழே நின்று விளக்கேற்றுவதா?

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடியேறினாள். துவாரத்தை அடைத்திருந்த துணியை உருவினாள்.

பின்பக்கம் பானை துலக்கிக்கொண்டிருந்த அங்கம்மா, வறண்டு கிடந்த சாக்கடையில் திடீரென்று தெளிந்த தண்ணீர் குபுகுபுவென்று ஓடி வருவதைப் பார்த்தாள். ‘இது யாருடா இந்த நேரத்துல?’ என்று நிமிர்ந்து பக்கத்து வீட்டு மாடிக் குழாயைப் பார்த்தாள். பார்த்ததை மனதில் போட்டு வைத்தாள். அங்கம்மா எதையும் வீணாக்குகிறவள் இல்லை.

விடிந்ததும் புஷ்பவள்ளி துவாரத்தை மறுபடி அடைத்து, ஜெயபாலன் திட்டுவாரே என்று, பென்சில் கோடு வரைக்கும் தண்ணீரை நிரப்பி வைத்தாள். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. எதைச் செய்தாலும் அவளுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஜெயபாலன் வந்தார். கீழே சாமி மேடைக்கு மேல் கூரையைப் பார்த்தார், உலர்ந்திருந்தது. மேலே போய்க் கோட்டையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யாரும் கை வைக்கலையேக்கா?”

“எத்தனை தடவைலா கேப்பீங்க?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து ஓட்டுக்குப் பசை கலக்க ஆரம்பித்தார்.

தைப்பூசம் முடிந்து, சின்னவனும் மனைவியும் திரும்பி வந்து, புது ஓட்டில் குளிக்கத் தொடங்கிய சில நாளில், புஷ்பவள்ளி முருகன் படத்துக்குப் பின்னாலிருந்த விபூதித் தட்டில் ஒரு ஈரப்பொட்டைக் கண்டாள். நிமிர்ந்தாள். கக்கூஸ் குழாய் இறங்கும் இடத்தை ஒட்டி, கூரையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

முன்னே ஒரு சொட்டுக்குத் தெருவைக் கூட்டியவள், இப்போது முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். படத்துக்குப் பின்னால் ஒரு செம்பை ஒளித்து வைத்தாள். செம்பு தெரியாமலிருக்க மாலையைப் பெரிதாகக் கட்டிப் போட்டாள். காலையும் மாலையும் செம்பைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் ஊற்றினாள். சாந்தினி அதிக நேரம் குளித்தால் கீழே நின்று நகத்தைக் கடித்தாள், ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“என்னம்மா, சித்திகூட இவ்வளவு தன்மையாப் பேசுறீங்க? காய்ச்சலா?” என்று மகள் லோஷினியே கேட்டுவிட்டாள்.

எந்தத் தண்ணீர் முருகன் தலையில் விழக்கூடாதென்று குதித்தாளோ, அந்தத் தண்ணீரை அவர் தலைக்குப் பின்னாலேயே ஏந்திச் சேர்த்துவைத்தாள், பிள்ளை வீட்டை விட்டுப் போய்விடக் கூடாதே என்று.

மாமனார் திதியன்று அது முடிந்தது. குடும்பம் முழுக்க மேடை முன்னால் நின்றிருந்தது. அங்கம்மாவும் பாயாசத்துக்காக வந்திருந்தாள். மகேஸ்வரன் சூடம் காட்டினான். செம்புக்குத் தப்பி, மேலிருந்து ஒரு சொட்டு நேராகச் சூடத்தின் மேல் விழுந்தது. ‘சுர்’ரென்று அணைந்தது.

ரூபேந்திரன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு படத்தைச் சற்று விலக்கினான். முக்கால் செம்பு நிறைந்திருந்தது.

“எத்தனை நாளா அண்ணி?”

ஒரு வார்த்தை போதும். ‘அன்னிக்கு நான்தான் தண்ணியைத் திறந்துவிட்டேன், மறுபடி நிரப்பி ஓட்டையைப் பாக்கச் சொல்லு தம்பி’ என்றால் ஜெயபாலன் வந்து நாலு ஓடுகளைப் பெயர்த்துப் பூசிவிட்டுப் போவார். ஆனால் எதிரே அங்கம்மா கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளியின் வாயிலிருந்து பழக்கமான வார்த்தைதான் வெளியே வந்தது:

“உன் பொண்டாட்டியைக் கேளு. வாளி வாளியா ஊத்துனா எந்தத் தரை தாங்கும்?”

வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் சாந்தினி, அன்று தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் பெர்மாஸுக்குச் சாமான் ஏற்ற லோரி வந்தது.

சில ஆண்டு கழித்து லோஷினிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜீவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. சித்தப்பாவும் சித்தியும் விருந்தாளிகள் மாதிரி வந்து, விருந்தாளிகள் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பந்தியில் அங்கம்மா சாந்தினி பக்கத்தில் இடம் பிடித்து, இத்தனை நாள் பத்திரப்படுத்திய சாக்கடைக் கதையை அவிழ்த்தாள்.

“எனக்கு அப்பவே தெரியும்லாக்கா,” என்றாள் சாந்தினி, அப்பளத்தை நொறுக்கியபடி. “தரை போட்ட பாலண்ணன் அன்னிக்குக் காலையிலயே எனக்குப் போன் பண்ணாரு. ராத்திரி பூரா நின்ன தண்ணி ஒரு நூலாச்சும் குறையாம இருக்காது, யாரோ வெளையாடியிருக்காங்க, திரும்ப நிரப்பிப் பாக்கவான்னு கேட்டாரு. அதெல்லாம் வேணாம், ஓடு ஒட்டிருங்கண்ணேன்னு நான்தான் சொன்னேன்.”

கல்யாணச் சாப்பாடு செரிப்பதற்குள் அங்கம்மா அதைக் கொண்டுவந்து புஷ்பவள்ளியிடம் சேர்த்துவிட்டாள். “உனக்குத் தெரியணுமேன்னுதான் சொல்றேன் புஷ்பம். மனசுல வச்சுக்காத.”

புஷ்பவள்ளி முந்தானையை உதறிச் செருகினாள். பிறகு, “சாமிக்குப் பூப் பறிக்கணும்,” என்று எழுந்து போனாள்.

ரூபேந்திரன் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறான். தீபாவளிக்கு வருவான், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். லோஷினி ஜீவனோடு சிங்கப்பூர் போய்விட்டாள். தம்போய் வீட்டில் மகேஸ்வரனும் புஷ்பவள்ளியும்தான். இரண்டு பேரும் கீழேயே குளிக்கிறார்கள். மாடி ஓடு புதுசாகவே இருக்கிறது. முருகன் தலையில் இப்போது ஒரு சொட்டும் விழுவதில்லை. செம்பை மட்டும் அவள் அங்கிருந்து எடுக்கவில்லை என்று அங்கம்மா சொல்கிறாள்.