மீனுக்கு மட்டும் ஃபில்டர்

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது, கம்பெனித் தொட்டியில் கடையில் வாங்கி விட்டிருந்த தங்கமீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒரே வாரத்தில் இது இரண்டாவது தடவை. வலையில் அள்ளிக் குப்பையில் போட்ட ஃபரீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓசூரில் போல்ட், நட்டுக்கு முலாம் பூசும் கம்பெனி அது. சரக்கு பளபளவென்று வெளியே போகும். அதைக் கழுவிய தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும். அங்கே ஆறு வருடமாக ஃபரீதாதான் ஆபரேட்டர். சுத்தம் செய்த தண்ணீர் ஏரிக்கால்வாய்க்குப் போகிற வழியில் ஒரு கண்ணாடித் தொட்டி. மேலே 'எங்கள் தண்ணீரில் மீன் வாழ்கிறது' என்று பலகை. எங்கே வாழ்கிறது? நஞ்சை இழுக்கும் கரி ஃபில்டர் வீணாகி எட்டு மாதமாயிற்று. மாற்றச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்த தாள்கள் மேனேஜர் தங்கதுரையின் டீ கிளாஸுக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்தன. அந்த ஏரியில் ஊர் மாடெல்லாம் தண்ணீர் குடிக்கிறது.

தங்கதுரை தொட்டியை எட்டிப் பார்த்தார். "வியாழக்கிழமை தண்ணிய சோதிக்க ஆடிட்டு. தங்கமீனோட சக்கர் மீன் நாலு சேத்துப் போடு. அது சாக்கடையிலயே வாழும். கலருக்குக் கொஞ்சம் கப்பி."

"சக்கர் தங்கமீன் மேல ஒட்டி உறிஞ்சியே புண்ணாக்கிரும் சார். கப்பிய தங்கமீன் முழுங்கிரும். தங்கமீனுக்குத் தங்கமீன்தான் சரியான ஜோடி. ஆனா இதுங்க ஜோடி சேராம சாவல. தண்ணியால செத்துச்சு. கரிய மாத்துங்க."

"அது அடுத்த வருஷ பட்ஜெட்ல. உன் வீட்டு மீனு நாலு வருஷமா நல்லாத்தான இருக்கு? அத கொண்டாந்து விடு. தொட்டிக்கு வர்ற பைப்ப மூடிட்டு கேன் தண்ணி ரொப்பிக்கலாம். அதுக்கு என்ன ஃபில்டர் வேணுமோ சொல்லு, இப்பவே வாங்கியாறச் சொல்றேன்."

"அது என் பொண்ணோட மீன் சார்."

"ஒரு நாளைக்குத்தானம்மா. உன் கான்ட்ராக்ட் லெட்டருகூட என் டேபிள்லதான் கெடக்கு, கையெழுத்துக்கு." குரலில் தேன் ஒழுகியது. அந்தத் தேனை அவர் முகத்திலேயே வழித்து அடிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

ஒரு மணி நேரத்தில் புது ஃபில்டர் வந்துவிட்டது. எட்டு மாதம் கேட்டு வராதது ஏரிக்கு. ஒரு மணி நேரத்தில் வந்தது இரண்டு மீனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு அதை மாட்டினாள். வீட்டுத் தொட்டியின் பழைய பஞ்சைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். நல்ல கிருமிகள் அதில்தான் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் மீன் தன் கழிவிலேயே செத்துப்போகும். ஃபில்டரிலிருந்து தண்ணீர் சலசலவென்று விழுந்தது. பார்ப்பவர்களுக்குக் கம்பெனித் தண்ணீர் ஓடுவதுபோலவே இருந்தது. தன் கைத்திறமையை நினைத்து அவளுக்கே கூசியது.

வியாழன் காலை ஜாங்கிரி, பாதுஷா என்ற அந்த இரண்டு தங்கமீன்களையும் தண்ணீர்ப் பையில் பிடித்துக் கட்டியபோது மகள் சானியா கேட்டாள்: "திரும்பக் கொண்டாந்துருவல்லம்மா?"

"கொண்டாந்துருவேன்."

பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மாள் தொட்டி முன்னால் குனிந்து நின்றார். "சென்னாகிதே! நல்லாருக்கே! வெளிய விடற அவுட்லெட் தண்ணியா இது?"

"அதேதான் மேடம்," என்றார் தங்கதுரை, கூசாமல்.

ஆடிட்டர் பைப்பைப் பார்த்தார். "பைப்புல ஒண்ணும் வரலியே? வால்வு தெறங்க. இது வழியா போற தண்ணிய நான் பாட்டில்ல புடிக்கணும்."

தங்கதுரைக்கு வியர்த்துவிட்டது. ஃபரீதாவின் பக்கம் சாய்ந்து, "லேசா தெற. ரெண்டு மீனுதான, நான் வேற வாங்கித் தரேன்," என்று முணுமுணுத்தார்.

வேறயா? உள்ளே எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் தலைக்கு ஏறியது. ஃபரீதா வால்வுப் பக்கம் போகவில்லை. பக்கெட்டை எடுத்தாள், தொட்டித் தண்ணீரை மொண்டாள். வலையை விட்டு முதலில் ஜாங்கிரியைப் பிடித்தாள், அப்புறம் பாதுஷாவை.

"ஏம்மா மீன எடுக்கிறீங்க?"

"தண்ணி வேகமா வரும் மேடம், மீனு பயந்துக்கும்," என்று முந்திக்கொண்டார் தங்கதுரை.

"வேகத்துக்கு இல்ல மேடம்," என்றாள் ஃபரீதா. "இதுங்கள உயிரோட திரும்பக் கொண்டாறேன்னு என் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

பக்கெட்டை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, வால்வை முழுக்கத் திறந்தாள்.