இரண்டாவது வாசிப்பு

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை யாரும் படிப்பதில்லை. நாங்கள் இரண்டு பேர் படிக்கிறோம். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் அவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார். நான் அச்சுப்படியில் வரிக்குக் கீழே அளவுகோலை நகர்த்திச் சரிபார்ப்பேன். ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்பது அச்சகத்து விதி. மற்ற மேசைகளில் இரண்டாவதை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எங்கள் மேசையில் அது நடந்ததில்லை. காரணம் நான்.

அச்சகத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். ஒன்பது வருடமாகக் கேட்கிறேன். வாந்தி, தலைசுற்றல், நாவறட்சி என்று அவர் வாசிக்கும்போது எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். அது போதும். ஐந்தரைக்கு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டியிருந்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்து அக்காவிடம் என்னைப் பெண் கேட்டுவிட்டார். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இறங்கி வருவதற்குள் அக்கா அவருக்கு இரண்டாவது டீ கொடுத்திருந்தாள்.

அவர் போன பிறகு அக்கா நிறையப் பேசினாள். நல்ல மனிதர், மனைவி இறந்து ஆறு வருடம், எனக்கும் நாற்பது ஆகிறது.

"ஏன்டி, அவர் பேச்சை எடுத்தாலே உன் முகம் மாறுது. எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். பிறகு என்ன கேடு என்றாள். சொல்லிப் பார்த்தேன். பிடிக்கும், ஆனால் சேர்ந்து வாழ வேண்டாம். அவருக்கும் என்னைப் பிடிக்கும் என்று தெரிந்ததுமே எனக்குள் அது விட்டுப்போகிறது. இதற்கு முன் வேறு இரண்டு பேரிடமும் அப்படித்தான்.

"பஸ் ஸ்டாண்டுல நின்னு எல்லா பஸ்ஸையும் ரசிச்சுட்டு, வீட்டுக்கு நடந்தே வர்ற ஆளுடி நீ" என்றாள். சிரித்துவிட்டேன். அது சரிதான்.

திங்கள்கிழமை முழுக்க அவர் ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்குள் ஒன்றுமே இல்லை. தலைசுற்றல் வெறும் தலைசுற்றல் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன்.

"என்னைப் பிடிக்கலையா?"

"பிடிக்கும் சார். ரொம்ப."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார். நீங்க வாசிச்சா போதும். வேற எதுவும் வேணாம்."

சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். என்னை நிஜமாகவே ரேடியோ என்று நினைத்துவிட்டீர்களா என்று கேட்டார். எழுந்து மேலாளர் அறைக்குப் போனார். திரும்பி வந்து, நாளையிலிருந்து வேறு மேசை என்றார்.

அன்றைக்கு மீதி இருந்தது ஒரு நான்கு பக்கத் தாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வாசித்தார். ஒரு முறைகூட என்னைப் பார்க்கவில்லை. குரலில் எனக்கென்று எதுவும் இல்லை. இரண்டாம் பக்கத்தில், பக்கவிளைவுகளில், நெஞ்சுக்குள் அது திரும்பி வந்தது. மறுபடியுமா என்று அசதியாக இருந்தது. அளவுகோலை நகர்த்தினேன்.

ஐந்தேகாலுக்கு முடிந்தது. பிழை இல்லை. கையெழுத்துக்காகத் தாளை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டாவது வாசிப்பு இருக்கு சார்" என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.