சம்பந்தம் பேசப் போன மடக்கு சைக்கிள்

ஆட்டையாம்பட்டி வேட்டி வியாபாரி நாச்சிமுத்துவிடம் ஒரு மடக்கு சைக்கிள் இருந்தது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களைச் சேலத்தில் ஏலம் விட்டார்களே, அப்போது எடுத்தது. ஆகாய விமானத்திலிருந்து குதிக்கிற சிப்பாய்கள் இதையும் கட்டிக்கொண்டு குதிப்பார்களாம். தரையில் இறங்கியதும் விரித்துப் பூட்டி ஏறிப் போய்விடுவார்களாம். ஆட்டையாம்பட்டியில் அப்படிக் குதிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. ஆனாலும் அதை வாங்கிய நாள் முதல் மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

நடுச்சட்டத்தில் மேலும் கீழுமாக இரண்டு கீல். கீலுக்கு ஒன்றாகக் காது வைத்த திருகுமரை. இரண்டையும் திருகித் தளர்த்தினால் முன்பாதி திரும்பி வந்து பின்பாதியோடு ஒட்டிக்கொள்ளும். ஏலத்தில் வந்தபோது மொட்டையாக இருந்த வண்டிக்கு அவர் பெல் வைத்தார், டைனமோ விளக்கு வைத்தார், ஸ்பிரிங் சீட்டு வாங்கிப் போட்டார், வேட்டி மூட்டை கட்ட காரியர் அடித்து மாட்டினார். சக்கரத்து நடுவில் பட்டுக் குஞ்சம் வேறு. ஒவ்வொன்றாக மாட்ட மாட்ட மடக்குவது பெரும்பாடாயிற்று. விளக்குக் கம்பியைப் பிடுங்கி, காரியரைக் கழற்றி, பெடலை உள்ளே தள்ளி முடிப்பதற்குள் தறியில் ஒரு பாவு நூலையே பிணைத்துவிடலாம். அதற்காகவெல்லாம் அவர் மடக்காமல் இருந்ததில்லை. பார்க்க ஆள் இருந்தால் போதும், மடக்கிவிடுவார்.

தாயில்லாப் பெண் சாரதாமணிக்கு நாமகிரிப்பேட்டையில் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை குழந்தைவேல், சாயப்பட்டறை வைத்திருந்தான். ராசிபுரம் தேரின்போது அவனை ஒருதரம் பார்த்திருந்த சாரதாமணி, அப்பா கேட்டதற்கு, "உங்க இஷ்டமுங்கப்பா" என்றாள். அதை எந்தத் தகப்பனும் புரிந்துகொள்வான். நாள் பார்த்து, இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. அது மாறிவிட்டால் கல்யாணம் உறுதி.

பங்காளிகள் இருவரைக் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நாச்சிமுத்து சைக்கிளில் கிளம்பினார். கிளம்புமுன் காரியரையும் விளக்கையும் கழற்றி வைத்தார். மடக்கிக் காட்ட நேர்ந்தால் சட்டென்று மடங்க வேண்டுமே என்ற முன்யோசனை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிறவனுக்கு இருக்க வேண்டிய யோசனையா இது?

நாமகிரிப்பேட்டை வாசலில் மரியாதைக்குக் குறைவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நடுவுல என்னுங்க இது, கதவுக்காட்டம் கீலு வெச்சிருக்குது?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் நாச்சிமுத்து அத்தனை தூரம் வெயிலில் மிதித்து வந்திருந்தார்.

"இருங்க, காட்டறேன்."

மரைகளைத் திருகினார். கடக்கென்று சட்டம் விட்டது. முன்சக்கரம் சுழன்று வந்து பின்சக்கரத்தின்மேல் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா முத்தாயம்மாள், உப்பும் சர்க்கரையும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டோடு வாசலுக்கு வந்தாள். பெண்ணைப் பெற்றவன் ஏறி வந்த வண்டி அவள் வாசலில் இரண்டாகக் கிடந்தது.

"நல்ல காரியத்துக்கு வந்த வண்டி வாசல்லயே முறிஞ்சு போச்சுங்களே" என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"முறியலீங்க, மடக்கியிருக்குதுங்க. இதா, நேராக்கிப் போடறேன் பாருங்க."

அவசரத்தில் ஒரு மரை கையிலிருந்து நழுவி உருண்டு சாக்கடையில் போய் விழுந்தது. பட்டுக்கரை வேட்டியோடு நாச்சிமுத்து சாக்கடையைத் துழாவினார். அகப்பட்டது சேறுதான். நிமிர்ந்து பார்த்தபோது தட்டு உள்ளே போயிருந்தது. "அப்பறம் சொல்லியனுப்பறோமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, அவர் முகத்தைப் பார்க்காமல். குழந்தைவேல் மட்டும் சைக்கிளைப் பஸ்ஸின் கூரைமேல் ஏற்ற ஒரு கை கொடுத்தான்.

பஸ்ஸில் பங்காளிகளிடம் வாயைத் திறக்கக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டார். வீட்டில் சாரதாமணி கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னுங்கப்பா ஆச்சு?" என்று கேட்டாள். சாக்கடைச் சேறு காலில் காய்ந்திருந்தது. வேடிக்கை காட்டப் போய் உன் கல்யாணத்தைக் கெடுத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேறொன்று எழுந்தது.

"அந்தப் பையனுக்குக் காக்கா வலிப்பாமா சாமி. நல்லவேளை, தப்பிச்சோம்."

ஒருதரம் சொன்னதோடு விட்டாரா? தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். சொல்லச் சொல்லத் தமக்கே அது நிஜம் போலப் பட்டது. சாரதாமணி மட்டும் நாலு நாள் கழித்துத் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டே, "வலிப்பு இருந்தா என்னுங்கப்பா, கூட இருந்து பாத்துக்க ஆளிருந்தாப் போதுமுங்களே" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. "வேலையப் பாரு" என்று அதட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

பங்குனி மாதம் ஒரு நடுப்பகலில் குழந்தைவேல் வந்து நின்றான். பஸ் பாதி வழியில் படுத்துவிட, மீதித் தூரம் நடந்தே வந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வாசற்படியில் கால் வைத்தவன் லேசாகத் தள்ளாடிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

நாச்சிமுத்து எழுந்திருப்பதற்குள் சாரதாமணி உள்ளிருந்து ஓடிவந்தாள். முன்பின் பேசியறியாத ஆண்பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை. பெட்டிச் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மூடி அழுத்தினாள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுப்பார்கள், ஊரில் எல்லோரும் அறிந்தது.

குழந்தைவேல் கையைத் திறந்து பார்த்தான். "இது எதுக்குங்க?"

"கைய உடாம இறுக்கிப் புடிச்சுக்குங்க. கொஞ்சத்துல நின்னுரும்."

"என்ன நிக்கும்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். நாச்சிமுத்து சுவரைப் பார்த்தார். சுவர் எத்தனை நேரத்துக்கு உதவும்?

"வெயில்ல வந்தனுங்க, வேற ஒண்ணுமில்ல" என்றான் குழந்தைவேல். பிறகு மெதுவாக, "எனக்கு வலிப்புன்னு யாரு சொன்னது?"

"நான்தான்" என்றார் நாச்சிமுத்து. குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். "நான்தானுங்க சொன்னேன். வண்டிய மடக்கிக் காட்டுனதுனால போச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துது."

சாரதாமணி குழந்தைவேலின் கையிலிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அம்மா மாரியம்மன் கோயில்ல பூ கேட்டாங்க" என்றான் குழந்தைவேல். "நல்லதுன்னு வெள்ளைப் பூ வந்துதுங்க. மனசு மாறிட்டாங்க. உப்புச் சக்கரை மாத்த மறுபடியும் நாள் வெக்கச் சொல்லத்தான் வந்தேன். இந்தப் பேச்சு அவங்க காதுக்குப் போனா என்ன நெனைப்பாங்க? ஆருகிட்ட எல்லாம் சொன்னீங்களோ, அவங்ககிட்ட நீங்களே போயி இல்லீன்னு சொல்லீருங்க. நான் இங்கயே இருக்கறேன்."

நாச்சிமுத்து வெளியே வந்தார். சைக்கிளைத் தொடவில்லை. ஒரு தெருவுக்குள் சொல்லிவைத்த பொய்யை ஒரு தெரு நடந்துதான் திரும்ப எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பெரியசாமி குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நாச்சிமுத்து தூணைப் பிடித்துக்கொண்டு, வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே போட்டார். பையனுக்கு வலிப்பில்லை, தான் சொன்னது பொய், குறை தன்னுடையது.

பெரியசாமி தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார். சிரிக்கவில்லை.

"அது எங்களுக்குத் தெரியுமுங்களே. உங்க பங்காளிக பஸ்ஸ உட்டு எறங்கறதுக்கு முன்னாலயே அந்த மரை உளுந்த கதை எறங்கிருச்சுங்க. சாக்கடையில கைய உட்டது வரைக்கும் சொன்னாங்க. தெருவுல ஒருத்தரும் வலிப்ப நம்பலீங்க. உங்க மொகத்துக்காவ ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டிருந்தோம்."

நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாளும் தெருவே தலையாட்டியது நினைவுக்கு வந்தது. பொய்யைத் திரும்ப எடுக்க வந்த இடத்தில் எடுக்க ஒன்றுமே இல்லை. போய்விடலாம் என்று தூணை விட்டார்.

"நம்புனது உங்க மக ஒருத்திதானுங்க" என்றார் பெரியசாமி. "போன வாரம் எங்கூட்டுக்காரிகிட்ட வந்துச்சு. வலிப்பு வந்தவங்களுக்குக் கையில இரும்பு குடுத்தா நிக்குமா, ராத்திரியில வந்தா எப்பிடிப் படுக்க வெக்கோணும், என்ன கஞ்சி குடுக்கோணும்னு எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போச்சுங்க."

நாச்சிமுத்து தறிக்குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.