கக்குவான் போன தெரு

...இல்லை, இருமல் இல்லை, பாவுக் கயிற்றை யாரோ இழுத்துக் கட்டிய சத்தம்தான், இந்தக் காதுக்கு இன்னும் புத்தி வரவில்லை பார், என்று கமலா தன்னையே கடிந்துகொண்டு, தெரு நீளத்துக்குக் கட்டியிருந்த நெசவுப் பாவு நூலில் மறுபடி கஞ்சி தேய்க்கத் தொடங்கினாள். பங்குனி வெயிலில் தெருவுக்குள் நுழைந்த கக்குவான் இருமல், பெரிய மகள் மனோரமாவை ஆட்டு ஆட்டென்று ஆட்டி, இருமி இருமி முகம் நீலம் பாய்ந்து, கடைசியில் கூவென்று ஒரு இழுப்பு... ஆடி மழைக்கு அடங்கி, ஆவணியில் சுத்தமாக நின்றது. இதோ, மனோரமா பாவுக்கு அடியில் புகுந்து ஓடுகிறாள், திட்ட மனசு வரவில்லை, ஓடட்டும், நூல் அறுந்தால் முடிந்துகொள்ளலாம். கைப்பிள்ளை சிங்காரத்தை, அவள் இருமத் தொடங்கிய அன்றைக்கே அம்மையார்குப்பத்துத் தங்கை வீட்டுக்கு அனுப்பியதுதான் நல்லதாயிற்று, அவளுக்கும் பால்குடிப் பிள்ளை, இரண்டுக்கும் சேர்த்தே பால் கொடுத்தாள். இங்கே பால் கட்டிக்கொண்டு கமலா பட்ட வலி யாருக்குத் தெரியும்? சப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணத்து ஜனம் இங்கே வந்து குவிந்த வருஷம் இதே கக்குவான் வந்ததே, எதிர்வீட்டுப் பங்காரம்மா தன் கைப்பிள்ளையைப் பிரியமாட்டேன் என்று மடியிலேயே வைத்திருந்தாள், மடியிலேயே போயிற்று. கமலா பிரிந்தாள், பிள்ளை பிழைத்தது. அழைத்துவரப் புருஷன் ஜம்புலிங்கம் விடியலிலேயே வண்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறார்... என்னைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியுமா? தெரியாவிட்டால் என்ன, அவருக்கே கல்யாணமான புதிதில் தெரியவில்லை.

பாவுக்கு அந்தப் பக்கம் நின்ற அடுத்த வீட்டுக் கௌரியம்மாள், "என்னாடி, தனியா சிரிச்சிகினு இருக்கே? புள்ள வர்ற சந்தோஷமா?" என்றாள். "ஆங், இருக்காதாக்கா?" "இருக்கட்டும், இருக்கட்டும். மனோரமாவப் பத்தியும் இனிமே கவலப்படாத. ஒருதரம் இருமித் தீத்த புள்ளகிட்ட கக்குவான் திரும்பி வராது. போனதரம் இருமுனானே எம்பையன், இந்தத் தரம் அவன் பக்கம் தலைவெச்சுப் படுத்துச்சா? புதுசா பொறந்ததுங்க நாலு சேந்தாத்தான் அது மறுபடி நம்ம தெருவ எட்டிப் பாக்கும்." கமலாவுக்கு மனசு குளிர்ந்தது. பாவுக்கு அடியில் ஓடுகிற பிள்ளைகள் அத்தனையும் இருமித் தீர்த்தவை, இனி பயமில்லை, இந்தத் தெருவுக்கே பயமில்லை... வண்டி வந்துவிட்டது. கஞ்சிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிப் பிள்ளையை வாங்கினாள், என்ன கனம், தங்கைக்குக் கோயில் கட்டலாம். பிள்ளை அவளை முறைத்துப் பார்த்தது, அழவில்லை, இடுப்பில் பாந்தமாக உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த பிறகுதான் கமலாவுக்கு அது உறைத்தது. தெருவில் இருமாத பிள்ளை இது ஒன்றுதான். அப்படியென்றால் அடுத்த முறை கக்குவான் யாரைத் தேடி வரும்? வரட்டும், அதற்குள் இவன் நடப்பான், சோறு தின்பான், நெஞ்சு உரமாகும், தாங்கிவிடுவான்... தாங்கமாட்டானா?